எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளாத பிரவுசர்

இறங்கிக்கொண்டிருக்கிறது என்று அது சொல்கிறது, ஆனால் அந்த நீலக் கோடு நகர்கிற மாதிரி தெரியவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தால் நகராது, பார்வையை எடுத்துவிட்டுத் திரும்பினால் கொஞ்சம் முன்னால் போயிருக்கும், அரிசி வேகிற மாதிரி. அரிசி வைக்கவில்லை இன்றைக்கு. அறைத்தோழன் இம்தியாஸ் ஊரில் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சமைப்பதில்லை, ஒருவனுக்காக அடுப்பைப் பற்றவைக்க என்னவோ கூச்சமாக இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் கொடுத்த லேப்டாப், அடிப்பக்கம் தொடைமேல் சுடுகிறது, உள்ளே காற்றாடி மூச்சு வாங்குகிறது. பன்னிரண்டாவது முடித்தபோது இது எங்கள் தெருவிலேயே பெரிய பொருள், அம்மா இதற்குப் பொட்டு வைத்தாள், அந்த மஞ்சள் இன்னும் மூலையில் ஒரு திருகாணிப் பள்ளத்துக்குள் இருக்கிறது. இப்போது பழைய பிரவுசரைத் திறந்தாலே இது செத்துப் பிழைக்கிறது. "டேய் ஞானவேலு, உன் பிரவுசர் பிரவுசர் இல்லடா, கல்யாண வீட்டுக்கு வந்த சொந்தக்காரன். ரேமை மொத்தமா தின்னுட்டு, போறப்ப உன் வீட்டுக் கதையையும் ஊர் பூரா சொல்லிட்டுப் போறான்" என்று இம்தியாஸ் சொன்னான். அவனுக்கு இதெல்லாம் ஒரு மார்க்கம் மாதிரி. இரண்டாவது சனிக்கிழமைகளில் ஏதோ ஒரு கல்லூரி வகுப்பறையில் பத்துப் பேர் கூடி, யாரும் விலை வைக்காத, யார் வேண்டுமானாலும் உள்ளே பிரித்துப் பார்க்கலாம் என்கிற மென்பொருள்களைப் பற்றிப் பேசிவிட்டு டீ குடித்துக் கலைவார்கள். அங்கிருந்துதான் இப்போது இறங்கிக்கொண்டிருக்கிற இதன் பெயரைக் கொண்டுவந்தான். கூழாங்கல் ஒன்று சின்னமாகப் போட்டிருக்கிற பிரவுசர். ரொம்பச் சின்னது, யாருக்கும் எதையும் சொல்லாது, மூடினால் எல்லாவற்றையும் மறந்துவிடும். மூடினால் மறந்துவிடும் என்று அவன் சாதாரணமாகத்தான் சொன்னான், ஆனால் எனக்கு அன்றைக்கு முழுக்க அந்த வார்த்தை தண்ணீர் குடித்த மாதிரி இருந்தது.

நைனா கூப்பிடுவதற்குள் முடித்துவிட வேண்டும். சாயங்காலத் தண்ணீரைத் திறந்துவிட்டுத்தான் கூப்பிடுவார். திண்டிவனத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பஞ்சாயத்துக்கு அவர்தான் டேங்க் ஆபரேட்டர். மேல்நிலைத் தொட்டிக்கு மோட்டார் போடுவது, தெருவாரியாக வால்வைத் திருகுவது, யார் வீட்டுக்கு வரவில்லையோ அவர்களிடம் திட்டு வாங்குவது. அவருடைய போனை நான்தான் வாங்கிக் கொடுத்தேன், முதல் சம்பளத்தில். வாங்கிய கையோடு அதற்கு ஒரு மெயில் ஐடி கேட்டது. நைனாவுக்கு எதற்குத் தனியாக ஒன்று, பாஸ்வேர்டை மறந்துவிடுவார், பிறகு நான்தானே ஓடிவர வேண்டும் என்று என் ஐடியையே போட்டுக் கொடுத்தேன். எங்கள் கல்லூரியில் எல்லோரும் அப்படித்தான் செய்தோம், முதல் பட்டதாரி வீடுகளில் ஒரு ரேஷன் கார்டு, ஒரு மெயில் ஐடி. அதில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவே இல்லை, போன ஞாயிற்றுக்கிழமை வரைக்கும். "எம் போன்ல எப்பப் பாரு வேலை வேலைன்னே வருதுடா" என்றார். "வீட்டிலிருந்தே வேலை, உடனடி வேலை, அனுபவம் தேவையில்லைன்னு. இந்த வயசுல என்னை எவன்டா எடுக்கப் போறான்? எடுத்தா சொல்லு, தொட்டிய உன் பெரியப்பன் தலையில கட்டிட்டு வந்துடறேன்." சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் சொன்ன வார்த்தைகள் எல்லாம் நான் தேடியவை. போனை வைத்த பிறகும் அப்படியே உட்கார்ந்திருந்தேன், இம்தியாஸ்தான் விளக்கைப் போட்டு "என்னடா, பேய் பிடிச்ச மாதிரி" என்றான். விளம்பரம்தானே என்றுதான் அவனிடம் கேட்டேன், வேறு எதையும் சொல்லாமல், ஒருத்தன் தேடினால் இன்னொருத்தன் போனில் ஏன் வருகிறது என்று. "ஒரே ஐடின்னா ஒரே ஆளுடா அதுக்கு. நீயும் உங்கப்பாவும் வேற வேறன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

வேலை போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. இந்த வாக்கியத்தை மனசுக்குள் சொல்வதற்கே நான் பழகிக்கொள்ள வேண்டியிருந்தது. மருத்துவக் காப்பீட்டு விண்ணப்பங்களைச் சரிபார்க்கிற வேலை, ஓஎம்ஆரில் கண்ணாடிக் கட்டடம், ஏழாவது மாடி. மூன்று மாதம் தனியாகக் கவனிப்பார்கள், தேறவில்லை என்றால் அனுப்பிவிடுவார்கள், அதற்கு பி.ஐ.பி. என்று பெயர். பெயரைச் சொன்ன பெண்ணே மூன்று மாதம் கழித்து அனுப்பும்போதும் ரொம்ப நல்ல மாதிரியாகப் பேசினாள், தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்டாள். "யூ ஆர் கேர்ஃபுல், பட் டூ ஸ்லோ. மீட்டிங்ல வாயே திறக்க மாட்டேங்கறீங்க." நான் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் இரண்டு தடவை படித்தேன். யாரோ ஒருவருடைய ஆஸ்பத்திரிப் பணம், என் கண் தவறிப் போய்விடக்கூடாது என்று. அதை அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்வதற்கான ஆங்கில வாக்கியம் கட்டடத்தைவிட்டு இறங்கி பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் முழுதாக வந்தது. மறுநாளிலிருந்து நான் அதே நேரத்துக்குக் கிளம்பி வெளியே போனேன். வீட்டுக்காரம்மா மாடிப்படியில் கோலப்பொடி டப்பாவோடு நிற்பாள், "ஆபீசா தம்பி" என்பாள், ஆமாம் என்பேன். கொஞ்சதூரம் நடந்து ஏரிக்கரைப் பூங்காவில் உட்கார்ந்துவிடுவேன். மத்தியானம் நைனா கூப்பிட்டால், பின்னால் குருவிச் சத்தம் கேட்கக்கூடாது என்று மெயின்ரோட்டுக்கு ஓடிவந்து எடுப்பேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் எங்கே இருக்கே என்று கேட்டால் ரூம்ல என்று உண்மையைச் சொல்லலாம். அம்மாவும் அங்கே இல்லை, அக்காவின் இரண்டாவது பிரசவத்துக்கு ஓசூர் போயிருக்கிறாள். நைனா தனியாகத்தான் இருக்கிறார், தண்ணீரோடும் அந்தப் போனோடும். அந்தப் போனில் தேடுகிற கட்டத்தைத் தொட்டால் போதும், கீழே வரிசையாக விழும், சின்னக் கடிகாரப் படம் போட்டு, முன்னால் தேடியவை. முன்னால் தேடியவை என்றால் நான் தேடியவையும்தான். முள்கரண்டியை எந்தக் கையில் பிடிப்பது. மீட்டிங்கில் எப்படிப் பேச ஆரம்பிப்பது. பி.ஐ.பி. வந்தால் பிழைக்க முடியுமா. இதெல்லாம் ஆங்கிலத்தில் தேடியது, நைனா மூன்றாவதுவரை படித்தவர், பஸ் போர்டை எழுத்துக்கூட்டிப் படிப்பார், தமிழ் மட்டும்தான். ஆனால் ஒன்றே ஒன்றைத் தமிழில் அடித்தேன். வேலையை விட்டு நிறுத்தினால் வீட்டில் எப்படிச் சொல்வது. அந்தக் கேள்வி எனக்கு ஆங்கிலத்தில் வரவில்லை.

இறங்கிவிட்டது. இல்லை, உடனே திறக்கக்கூடாது. இம்தியாஸ் சொல்லியிருக்கிறான், இறங்கினது அசல்தானா என்று பார்க்க அவர்கள் தளத்தில் ஒரு நீண்ட எழுத்து வரிசை கொடுத்திருப்பார்கள், இங்கே கணக்குப் போட்டு வருகிற வரிசையும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். அவன் முதல் நாலையும் கடைசி நாலையும் பார்த்துவிட்டுப் போய்விடுவானாம். என்னால் முடியாது. சி, ஏழு, ஏழு, ஒன்பது, ஏ. விரலை வைத்துக்கொண்டு படிக்கிறேன், ஆபீசில் பாலிசி எண் படித்த மாதிரி. டூ ஸ்லோ. நடுவில் ஒரு எட்டை பி என்று படித்துவிட்டேன், திரும்ப முதலிலிருந்து. நைனா வால்வைத் திருகும்போதும் இப்படித்தான், மூடிய பிறகு காதை வைத்துக் கேட்பார், உள்ளே சத்தம் நின்றதா என்று. வரிசை சரியாக இருக்கிறது. சரியாக இருந்ததில் ஒரு சின்ன சந்தோஷம், இந்த வாரத்தில் நான் சரியாக முடித்த முதல் வேலை. திறந்தேன். உடனே ஒரு எச்சரிக்கை, இதை வெளியிட்டவர் யாரென்று தெரியவில்லை, நிச்சயமாக ஓட்ட வேண்டுமா? என்னையும் யாரென்று தெரியாது என்றுதானே அந்தக் கண்ணாடிக் கதவு கடைசி நாளில் சிவப்பு விளக்குப் போட்டது, கழுத்தில் அட்டை தொங்கிக்கொண்டிருக்கும்போதே. பின்னால் நின்றவர் பாவம் பார்த்துத் தன் அட்டையைக் காட்டித் திறந்துவிட்டார், வெளியே போவதற்கு. ஆமாம், ஓட்டு. அடுத்து. அடுத்து. சம்மதம். எதற்குச் சம்மதம் என்று இரண்டு தடவை படித்தேன், நாலே வரிதான். அதன்பின் ஒரு கேள்வி. பழைய பிரவுசரிலிருந்து எதையாவது கொண்டுவரவா, பக்கங்கள், பாஸ்வேர்டுகள், தேடியவை? வீடு மாறுகிறவனிடம் லாரிக்காரன் கேட்கிற மாதிரி. ஒன்றும் வேண்டாம்.

திறந்துகொண்டது. வெள்ளையாக ஒரு பக்கம், நடுவில் ஒரு கட்டம், அவ்வளவுதான். லேப்டாப்பின் காற்றாடிகூட நின்றுவிட்டது, இந்த அறையில் இவ்வளவு அமைதி இருந்ததா, கீழே வீட்டுக்காரம்மாவின் டிவியில் யாரோ அழுகிறார்கள். கட்டத்தில் 'வே' என்று அடித்தேன். ஒன்றும் விழவில்லை. பழையதில் 'வே' என்று வைத்தாலே மீதியை அதுவே முடித்துவிடும், சில நாள் நான் நினைத்து முடிப்பதற்கு முன்னாலேயே. 'h' என்று வைத்தால் how to என்று நான் தெரிந்துகொள்ள வெட்கப்பட்ட அத்தனையும் வரிசையில் வந்து நிற்கும். இதற்கு ஒன்றும் தெரியாது. நான் முதல் பட்டதாரி என்று தெரியாது, எனக்குக் கரண்டி பிடிக்க வராது என்று தெரியாது, பூங்கா பெஞ்சு தெரியாது. நன்றாகத்தான் இருக்கிறது, குளித்துவிட்டு வந்த மாதிரி. நன்றாகத்தான் இருக்கிறது என்று இன்னொரு தடவை சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. 'நா' என்று அடித்தேன், ஒன்றும் விழவில்லை. 'ஞா' என்று என் பெயரின் முதலெழுத்தையே அடித்துப் பார்த்தேன். இந்த ஊரில் வந்து இறங்கிய முதல் நாள் இப்படித்தான் இருந்தது, எவனுக்கும் நான் யாரென்று தெரியாது என்பதில் அப்படி ஒரு விடுதலை, சாயங்காலம் ஆவதற்குள் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் தேவலை என்று ஆகிவிட்டது. இந்த ஒரு மாதமாக நான் என்ன நினைக்கிறேன் என்று கேட்டுக்கொண்டிருந்தது அந்தப் பழைய, ரேம் தின்கிற, ஊர்க்கதை சொல்கிற கட்டம் ஒன்றுதான். சரி. சரி, அழித்துவிடலாம், வெயில் சுவரில் ஏறிவிட்டது, நைனா இந்நேரம் மோட்டாரை நிறுத்தியிருப்பார்.

பழையதைத் திறந்தேன், காற்றாடி மறுபடி மூச்சு வாங்க ஆரம்பித்தது. இம்தியாஸ் சொன்னது நல்லவேளை ஞாபகம் இருந்தது, பிரவுசரை மட்டும் தூக்கினால் போதாது, ஐடிக்குள்ளே போய், தேடியதெல்லாம் பட்டியலாக இருக்கும், அங்கே அழிக்கணும், அப்போதான் எல்லாப் போனிலிருந்தும் போகும். போனேன். மேலே புதியது, கீழே போகப் போகப் பழையது. அழிக்கவா, வேண்டாமா என்று ஒரு பெட்டி வந்து நின்றது. அழி என்பதன்மேல் அம்புக்குறியைக் கொண்டுபோனவன் நின்றேன். பெட்டிக்குப் பின்னால் தெரிந்த வரி நான் தேடியதில்லை. பக்கத்தில் சின்னதாக ஒரு மைக் படம். பெட்டியை மூடினேன். நைனாவுக்கு அடிக்க வராது, மைக்கைத் தொட்டுப் பேசத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இந்த ஒரு வாரமாக அவர் என் பட்டியலைப் பார்ப்பாரே என்றுதான் பயந்துகொண்டிருந்தேன், அவர் கேட்டதும் இதே பட்டியலில் விழும் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. ஒருவர் டிரங்குப் பெட்டியை இன்னொருவர் திறக்கிற மாதிரி இருந்தது, மூடிவிட வேண்டும் என்று நினைத்தேன். மூடவில்லை. நாய் ஏன் ஒரே இடத்த பாத்து குரைக்குதுங்க. மெட்ராஸ்ல இன்னிக்கு மழை இருக்குங்களா. மோட்டார் காயில் எரிஞ்சா என்ன வாசம் வருங்க. மிஷினிடமும் 'ங்க' போட்டுத்தான் பேசியிருக்கிறார், பஞ்சாயத்து கிளார்க்கிடம் பேசுகிற மாதிரி. சிரிப்பு வந்தது. இடையிடையே நான், மைக் இல்லாமல், ஆங்கிலத்தில். அவர், நான், நான், அவர். ஒரே ஐடி என்றால் ஒரே ஆள். இன்னும் கீழே இறக்கினேன். பையனுக்கு வேலை போய்ட்டா அவங்கிட்ட என்ன பேசணுங்க.

வாசலில் யாரோ நிற்கிற மாதிரி திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. அந்த வரிக்கு நேர் கீழே என்னுடைய வரி, தமிழில் அடித்தது, வீட்டில் எப்படிச் சொல்வது. நான் கேட்டது ராத்திரி, அவர் கேட்டது மறுநாள் விடியலில், தண்ணீர் விடப் போவதற்கு முன்னால். எழுத்துக்கூட்டிப் படித்திருப்பார். வே, லை, யை. எத்தனை நேரம் ஆகியிருக்கும். அந்தக் கேள்விக்கு என்ன பதில் வந்தது என்று நானும் அழுத்தினேன். ஏதோ ஒரு உடல்நலப் பக்கம், மனச்சோர்வில் இருக்கும் பிள்ளையிடம் பேசுவது எப்படி. காதில் கேட்கிற மாதிரி படித்துக் காட்டுகிற பொத்தானும் இருக்கிறது. குறை சொல்லாதீர்கள். சாப்பாடு, தூக்கம் பற்றிக் கேளுங்கள். காலையில் கொஞ்ச தூரம் நடக்கச் சொல்லுங்கள். அவர்களைச் சிரிக்க வையுங்கள். நீங்களாகத் துருவாதீர்கள், அவர்களாகச் சொல்லும்வரை காத்திருங்கள். சாப்டியா, வச்சிடட்டுமா என்ற இரண்டு கேள்விக்கு மேல் போனில் பேசத் தெரியாத மனிதர் நைனா. போன மாதம் திடீரென்று "தூக்கம் நல்லா வருதாடா" என்றார். நான் எரிந்து விழுந்தேன், வருது வருது, ஆபீஸ்ல இருக்கேன், அப்புறம் பேசறேன். "காலையில எழுந்து கொஞ்சம் நடந்து குடேன், நல்லதாம்" என்றார் இன்னொரு நாள். யார் சொன்னது என்றேன். "சொல்றாங்க" என்றார். என்னை எவன்டா எடுக்கப் போறான் என்று சிரித்தாரே, தொட்டியைப் பெரியப்பா தலையில் கட்டுவேன் என்று. அது விளம்பரத்தைப் பற்றிய பேச்சே இல்லை. கதவைக் கொஞ்சம் திறந்து வைத்துவிட்டு, அந்தப் பக்கம் பார்க்காத மாதிரி உட்கார்ந்திருந்திருக்கிறார். நான் அந்தக் கதவைச் சாத்துவதற்குத்தான் இன்றைக்கு மத்தியானம் முழுக்கச் செலவழித்திருக்கிறேன். இன்னும் கீழே போகப் பயமாக இருந்தது, போனேன். இரண்டு மாதத்துக்கும் முன்னால், மைக் படம் போட்டு, பி ஐ பி அப்டின்னா என்னாங்க. குழாயிலும் மோட்டாரிலும் அச்சடித்திருக்கிற ஆங்கில எழுத்துகள் நைனாவுக்குத் தெரியும். அதை நான் மறந்துவிட்டேன்.

போன் அடித்தது. நைனா. ஸ்கிரீனில் அவர் படம், தொட்டி ஏணியில் அவர் நின்றபோது நான் எடுத்தது. எடுக்காமல் இருக்கலாம், குளிச்சிட்டிருந்தேன் என்று சொல்லலாம். கை எடுத்துவிட்டது.

"நைனா."

"ம். தெக்குத் தெருவுக்குத் தொறந்துட்டு வந்தேன். சாப்டியா?"

"இல்ல."

இல்லை என்று நான் சொன்னதே இல்லை, அவரும் ஒரு நொடி தடுமாறினார். "ஏன்டா, மணி என்ன ஆவுது" என்றார். பின்னால் குழாய்க்குள் தண்ணீர் காற்றைத் தள்ளிக்கொண்டு வருகிற சத்தம், சின்ன வயதில் அதற்குள் யாரோ இருமுகிறார்கள் என்று நினைப்பேன். இதற்கு ஆங்கில வாக்கியம் தேவையில்லை.

"நைனா, எனக்கு வேலை போயிடுச்சு."

தண்ணீர் வந்துவிட்டது போல, இருமல் நின்று சீராக ஓடுகிறது.

"அப்டியா?" என்றார். எங்கள் ஊர்க் கூத்தில் முதல்முறை வேஷம் கட்டுகிறவன் மாதிரி, தேவைக்கு மேல் கொஞ்சம் ஆச்சரியமாக. "எப்போடா?"

"ஒரு மாசத்துக்கு மேல ஆவுது. சொல்லல. தப்புதான்."

"ம்." எதையோ ஞாபகப்படுத்திக்கொள்கிற மாதிரி நிறுத்தினார். "தூங்கறியா ஒழுங்கா?"

படித்துவிட்டேன் நைனா, எல்லாவற்றையும் படித்துவிட்டேன் என்று வாய்வரை வந்தது. நான் பேச வேண்டிய நேரம் வரும்வரை அவர் எதையும் படிக்காதவராகத்தானே இருந்தார். "இனிமே தூங்கிடுவேன்" என்றேன். "காலையில நடக்கவும் நடக்கறேன். பூங்கா வரைக்கும்."

"அது நல்லது" என்றார், உடனே, பெரிய நிம்மதியோடு. "வாயேன் ஊருக்கு. உங்கம்மாவும் இல்ல. நா ஒருத்தனுக்காக என்னாத்த ஆக்கறதுன்னு டீக்கடை பன்னுல ஓடிக்கினு இருக்குது. ரெண்டு பேருன்னா சோறு வைக்கலாம்."

"வரேன். நாளைக்கே வரேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பெட்டி மூடிய பக்கத்தில் அழி என்ற பொத்தான் இன்னும் மூலையில் நின்றுகொண்டிருந்தது. "வந்து உன் போனையும் சரி பண்ணிக் குடுத்துடறேன் நைனா. அது என் ஐடில இருக்குது. உனக்குன்னு தனியா ஒண்ணு போட்டுட்டா அந்த விளம்பரமெல்லாம் வராது."

"அதெல்லாம் ஒண்ணும் பண்ணாத" என்றார் சட்டென்று. பிறகு குரலைத் தணித்து, "அது நல்லாத்தான் இருக்குது. இருந்துட்டுப் போவட்டும். வச்சிடட்டுமா?"

வைத்துவிட்டார். கீழே டிவியில் அழுகை முடிந்து விளம்பரம் ஓடுகிறது. பசிக்கிறது என்று தோன்றியது. அரிசியை எடுத்துக் கழுவி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன், லேப்டாப் திரை மங்கியிருந்தது, தொட்டவுடன் வெளிச்சம் வந்தது. பக்கத்தை ஒரு தடவை புதுப்பித்தேன், எதற்கென்று தெரியாமல். எல்லாவற்றுக்கும் மேலே புதிதாக ஒரு வரி வந்திருந்தது, மைக் படத்தோடு. மெட்ராஸ்லேர்ந்து திண்டிவனத்துக்குக் காலையில மொத பஸ் எத்தன மணிக்குங்க.